ஒரு ஷில்லிங், மூன்று பென்ஸ்

பிள்ளைகள் வெளிநாட்டில் வேலையில் அமர்ந்துவிட்ட குடும்பங்களில், பெற்றோர் முதன்முறையாகக் கடல் கடந்து புறப்படும் நாள் நெருங்க நெருங்க, வீட்டில் பேச்செல்லாம் மூன்று விஷயங்களையே சுற்றிச் சுற்றி வரும். அங்கே என்ன சாப்பிடுவது? எதற்கு என்ன விலை? ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு எப்படிப் போவது? புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் பெட்டியில் ஏறும். விமான நிலையத்தில் ஒரு குவளை காபியின் விலையை ரூபாயாக மாற்றிப் பார்த்துவிட்டு, அதைக் குடிக்காமலே திரும்பிய பெரியவர்கள் உண்டு. இதில் நகைப்பதற்கு ஒன்றுமில்லை. உணவில் நியமம் காத்து வாழ்ந்தவர்களுக்கு இம்மூன்றும் தனித்தனிக் கேள்விகள் அல்ல. உண்ணத்தக்க உணவு எங்கே கிடைக்கும், அங்கே போய்வர என்ன ஆகும், கையிலுள்ள பணம் அதற்குத் தாங்குமா என்பது ஒரே கேள்விதான்.

இந்தக் கேள்வியோடு 1888-ஆம் ஆண்டு செப்டம்பர் 4-ஆம் தேதி பம்பாய்த் துறைமுகத்தில் கப்பலேறினார் ஓர் இளைஞர். வயது பதினெட்டு. தந்தை காலமாகி ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. ராஜ்கோட்டில் இளம் மனைவியையும் கைக்குழந்தையையும் விட்டு, பாரிஸ்டர் படிப்புக்காக லண்டனுக்குப் புறப்பட்ட அவர் பெயர் மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி. அவர் பின்னாளில் யார் ஆனார் என்பதைச் சற்று மறந்துவிட்டு, அப்போது யாராக இருந்தார் என்பதை மட்டும் பார்த்தால் இந்தப் பயணத்தின் கதை நன்றாக விளங்கும். அவருக்கு ஆங்கிலம் சரளமாகப் பேச வராது. பிறர் முன்னிலையில் வாய் திறக்கக் கூச்சம். நல்ல பசி எடுக்கும் உடம்பு. இவற்றோடு, தாயார் புத்லிபாய்க்குச் செய்து கொடுத்த ஒரு சத்தியம்.

அந்தச் சத்தியம் எளிதில் பிறந்ததன்று. நான்கு, ஐந்தாயிரம் ரூபாயில் படிப்பு முடிந்துவிடும் என்று குடும்ப நண்பரான மாவ்ஜி தவே கூறினார். அந்தப் பணத்துக்கு வழி தேடி, மோகன்தாஸ் போர்பந்தர் சமஸ்தானத்தின் ஆங்கிலேய நிர்வாகியிடம் உதவி கேட்டுப் போய், வெறுங்கையோடு திரும்பினார். மனைவியின் நகைகளை விற்கலாமா என்றுகூட எண்ணினார். எப்படியேனும் பணம் தேடித் தருவதாக அண்ணன் பொறுப்பேற்றார். ஆனால் தாயாரின் கவலை பணத்தைப் பற்றியதன்று. சீமைக்குப் போகும் பிள்ளைகள் மாமிசம் உண்ணுகிறார்கள், மதுவின்றி வாழ முடியாதவர்களாகிவிடுகிறார்கள் என்று அக்கம்பக்கத்தார் சொல்லக் கேட்டிருந்தார் அந்த அம்மையார். குடும்பத்துக்கு ஆலோசனை கூறிவந்த பேசர்ஜி சுவாமி என்ற ஜைனத் துறவி முன்னிலையில், மதுவையும் மாதையும் மாமிசத்தையும் தீண்டுவதில்லை என்று மகன் சங்கல்பம் செய்த பிறகே அனுமதி கிடைத்தது.

தாயார் சம்மதித்தும், சாதியார் சம்மதிக்கவில்லை. பம்பாயில் கூடிய மோத் பனியா சமூகத்தார், கடல் கடப்பது நம் தர்மத்துக்கு விரோதம் என்று கூறி, அவரைச் சாதியிலிருந்து விலக்கினார்கள். அவருக்கு உதவுகிறவர்க்கும், வழியனுப்பத் துறைமுகம் போகிறவர்க்கும் ஒரு ரூபாய் நான்கணா அபராதம் என்றும் விதித்தார்கள். செலவுப் பணத்தைக் கையில் வைத்திருந்த சகோதரியின் கணவரே, சாதிக்கட்டுக்கு அஞ்சிப் பணத்தைக் கொடுக்க மறுத்தார். ஒரு நண்பர் கடன் கொடுத்தார். அக்கடனை அண்ணனிடமிருந்து பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. ஆக, முதல் பயணச்சீட்டே கைமாற்றில் வாங்கியது.

கப்பலில் தொடங்கியது உணவுப் பிரச்சினை. கத்தியும் முள்கரண்டியும் பிடிக்கத் தெரியாது. பரிமாறப்படும் பதார்த்தங்களில் எது மாமிசம் கலவாதது என்று பணியாளரிடம் கேட்கத் துணிவில்லை. ஆகவே அவர் போஜன மண்டபத்தின் பக்கமே போகாமல், தம் அறையிலேயே அமர்ந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த இனிப்புகளையும் பழங்களையும் உண்டு நாள் கழித்தார். அன்பாகப் பழகிய ஆங்கிலேயப் பயணி ஒருவர், செங்கடல் வரையில் இது சரிப்படும், பிஸ்கே விரிகுடாவைத் தாண்டியபின் குளிரில் மாமிசமின்றி உயிர் வாழ முடியாது என்று எச்சரித்தார். அப்படியானால் இந்தியாவுக்கே திரும்பிவிடுவேன் என்பது இளைஞரின் பதில். விரிகுடாவும் வந்தது, போயிற்று. உயிருக்கு ஒன்றும் நேரவில்லை. அந்தப் பயணியிடமே, தாம் மாமிசம் தீண்டவில்லை என்று ஒரு சான்றிதழ் எழுதி வாங்கிப் பத்திரப்படுத்திக்கொண்டார். ஊர் திரும்பியதும் காட்டலாம் அல்லவா! மாமிசம் உண்டவர்களும் இத்தகைய சான்றிதழை எளிதில் பெற முடியும் என்பது பின்னர்தான் தெரியவந்தது. அத்தோடு அந்தக் காகிதத்தின் மேலிருந்த மோகமும் போயிற்று.

லண்டனில் முதல் தங்கல் விக்டோரியா ஓட்டலில். அங்கே மின்தூக்கியை அவர் முதன்முதலாகக் கண்ட காட்சியைத் தம் லண்டன் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். ஓட்டல் பையன் எதையோ அழுத்தினான், கதவு திறந்தது. அது சற்று நேரம் உட்கார்ந்திருப்பதற்கான அறை என்று நினைத்து உள்ளே போனவர், தாம் இரண்டாம் மாடிக்கு வந்துவிட்டதைக் கண்டு வியந்தார். வியப்பு அதோடு நிற்கவில்லை. ஒரு பதார்த்தம் பிடிக்காமல் வேறொன்று கேட்டால், இரண்டுக்கும் பணம் கொடுக்க வேண்டும். ஏறக்குறையப் பட்டினியாகவே இருந்து, பம்பாயிலிருந்து கொண்டுவந்ததையே தின்று தீர்த்தும், சனி முதல் திங்கள் வரையிலான தங்கலுக்கு வந்த பில் மூன்று பவுன்.

இந்த மூன்று பவுனின் கனத்தை இன்றைய வாசகர் உணர ஒரு சிறு கணக்கு தேவை. ஒரு பவுனுக்கு 20 ஷில்லிங். ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ். அக்காலத்து மாற்று விகிதத்தில் நம் ரூபாய்க்கு ஏறத்தாழ 16 பென்ஸ் கிடைத்தது. ரூபாய்க்குப் பதினாறு அணா என்ற கணக்கில் பழகிய பெரியவர்களுக்கு இது மிகவும் வசதி: ஒரு பென்னி என்பது ஓர் அணா. ஆக, மூன்று பவுன் என்பது 45 ரூபாய். சாதி விலக்கத்துக்கு விதித்த அபராதமே ஒன்றேகால் ரூபாய்தான் என்பதை நினைத்தால், அந்தப் பில்லைக் கண்டு அவர் திடுக்கிட்டதில் வியப்பில்லை.

வாடகை அறைக்கு மாறியபின்னும் பசி தீரவில்லை. உப்பும் உறைப்புமின்றி வெந்த காய்கறிகள் தொண்டையில் இறங்க மறுத்தன. இரவில் தாயாரின் நினைவு வந்து கண்ணீர் வழியும். லண்டனில் இருந்த டாக்டர் பிராண்ஜீவன் மேத்தா, ஆங்கிலேயரின் நடைமுறைகளைக் கற்பித்து, தனியே இருப்பதைவிட ஒரு குடும்பத்தோடு தங்குவது நல்லது என்றார். அதற்கு முன், பழகிக்கொள்வதற்காக ரிச்மண்ட் பகுதியில் ஒரு நண்பரோடு ஒரு மாதம் தங்கினார். காலையில் ஓட்ஸ் கஞ்சி. அது ஒருவாறு வயிற்றை நிரப்பியது. பகலிலும் இரவிலும் கீரை, ரொட்டி, ஜாம். இரண்டு மூன்று துண்டுகளுக்கு மேல் ரொட்டி கேட்கக் கூச்சம். அவ்விரு வேளையும் பால் கிடையாது.

அந்த நண்பர் நல்லவர். பசியோடு வாடும் பிள்ளையைப் பார்க்கப் பொறுக்காமல் நாள்தோறும் வாதாடினார். எழுத்தறியாத தாயார், இந்நாட்டின் நிலைமை தெரியாமல் வாங்கிய சத்தியத்துக்கு என்ன மதிப்பு என்று கேட்டார். பெந்தாம் எழுதிய தத்துவ நூலைப் படித்துக் காட்டினார். இளைஞருக்கு அந்த நூல் புரியவில்லை, வாதத்துக்குப் பதில் சொல்லவும் தெரியவில்லை. சத்தியம் சத்தியம்தான், அதை உடைக்க முடியாது என்ற ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார். ஒருநாள் அதே நண்பர் நாடகத்துக்கு அழைத்துப் போகுமுன் ஆடம்பரமான ஓர் உணவகத்தில் விருந்தளித்தார். அந்தச் சூழலில் கேள்வி கேட்கமாட்டார் என்பது நண்பரின் எண்ணம். சூப் வந்தது. இவர் பணியாளரை அழைத்து, இது காய்கறியால் ஆனதா என்று விசாரித்தார். நண்பருக்குக் கோபம் வந்துவிட்டது. நாகரிகமாக நடக்க முடியாவிட்டால் வெளியே போய் வேறெங்காவது சாப்பிட்டுவிட்டுக் காத்திரு என்றார். வெளியே வந்தால் அருகிலிருந்த சைவ உணவுச்சாலை மூடியிருந்தது. அன்றிரவு உணவின்றியே நாடகம் பார்த்தார். அதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை, நட்பும் குறையவில்லை. வயிற்றுக்கு உகந்ததைக் கேட்டுச் சாப்பிடுவதில் வெட்கமில்லை என்பதைச் சபையில் முதன்முதலாக அவர் காட்டியது அந்தச் சூப் கிண்ணத்தின் முன்னால்தான்.

ரிச்மண்டிலிருந்து மேற்குக் கென்சிங்டனில் ஒரு விதவை அம்மையாரின் வீட்டுக்குக் குடிபோனார். அந்த அம்மையாரிடம் விரதத்தைச் சொல்லியாயிற்று. ஆயினும் சைவ உணவை ருசியாகச் சமைக்க அவ்வீட்டாருக்குத் தெரியவில்லை. இரண்டு பெண்களும் இரக்கப்பட்டு, இன்னும் ஒரு துண்டு ரொட்டி என்று வற்புறுத்தி வைப்பார்கள். ஒரு முழு ரொட்டி இருந்தாலொழிய இந்த வயிறு நிறையாது என்பதை அந்தப் பெண்கள் எப்படி அறிவார்கள்!

லண்டனில் மாமிசம் இல்லாத உணவுச்சாலைகள் உண்டு என்று அந்த அம்மையார் எப்போதோ சொன்னது நினைவில் நின்றது. அவற்றைத் தேடி நாள்தோறும் பத்து, பன்னிரண்டு மைல் நடந்தார். வழியில் மலிவான கடை ஏதாவது கண்ணில் பட்டால் ரொட்டி வாங்கி வயிறு நிறையத் தின்பார். திருப்தி மட்டும் வராது. இப்படி அலைந்த ஒருநாள், ஃபாரிங்டன் தெருவில் ஒரு சைவ உணவுச்சாலை எதிர்ப்பட்டது. உலகின் முதல் சுரங்க ரயில் 1863-இல் வந்து முடிந்த இடம் அத்தெருவின் நிலையம்தான். மேற்குக் கென்சிங்டனிலிருந்து சுமார் 5 மைல். சுரங்க ரயிலும் குதிரை பூட்டிய ஆம்னிபஸ்ஸும் ஓடிய நகரத்தில், அவருக்கு வேண்டிய ஒரே இடத்தைக் கால்தான் காட்டிக் கொடுத்தது. வாசல் அருகே கண்ணாடிக்குள் விற்பனைக்கு வைத்திருந்த புத்தகங்களில், ஹென்றி சால்ட் சைவ உணவை ஆதரித்து எழுதிய நூலை ஒரு ஷில்லிங் கொடுத்து வாங்கிக்கொண்டு, உள்ளே போய் அமர்ந்தார். இங்கிலாந்து சேர்ந்தபின் மனம் நிறைந்து உண்ட முதல் சாப்பாடு அதுவே. தெய்வமே துணைக்கு வந்ததாக அவர் அதைக் கருதினார். பட்டினி கிடந்தவன் வயிறார உண்பதற்கு முன் ஒரு ஷில்லிங்கைப் புத்தகத்துக்குக் கொடுத்ததைக் கவனிக்க வேண்டும். அதுவரை தாயாருக்காகக் காத்த விரதத்தை, அந்த நூலைப் படித்தபின் தம் சொந்த விருப்பமாகவும் ஏற்றுக்கொண்டார்.

இதன் பிறகு வந்தது ஒரு சறுக்கல். அவர் வாழ்க்கை வரலாற்றைப் படிக்கிறவர்களுக்குச் சிரிப்பூட்டும் பகுதி. உணவில் ஊரோடு ஒத்துப்போகாத குறையை உடையில் சரிக்கட்டலாம் என்று தோன்றிற்று போலும். 19 ஷில்லிங்குக்கு உயரத் தொப்பி. பாண்ட் தெருவில் 10 பவுனுக்கு மாலை உடை. நம் கணக்கில் 150 ரூபாய். அண்ணனிடமிருந்து இரட்டை வடத் தங்கக் கடிகாரச் சங்கிலி. நடனம் கற்க 3 பவுன், தாளம் பிடிபடவில்லை. செவியைப் பழக்குவதற்காக 3 பவுனில் ஒரு வயலின். பேச்சுக்கலை ஆசிரியருக்கு ஒரு கினி. நாள்தோறும் கண்ணாடி முன் பத்து நிமிடம். ஏறத்தாழ மூன்று மாதங்களில், தாம் இங்கிலாந்தில் ஆயுள் முழுவதும் இருக்கப் போவதில்லை, மாணவனாக வந்திருக்கிறோம் என்ற நினைவு வந்து, ஆசிரியர்களுக்கு மன்னிப்புக் கடிதம் எழுதி எல்லாவற்றையும் நிறுத்தினார்.

அந்த ஆடம்பர நாட்களிலும் அவரிடம் ஒரு வழக்கம் மாறாமல் இருந்தது. அதுதான் அவரைக் காப்பாற்றியது என்று சொல்லத் தோன்றுகிறது. செலவழித்த ஒவ்வொரு காசையும் எழுதிவைத்தார். ஆம்னிபஸ் கட்டணம், தபால் தலை, செய்தித்தாளுக்குக் கொடுத்த ஓரிரு செப்புக்காசு எதுவும் விடுபடாது. இரவு படுக்கப் போகுமுன் கூட்டிக் கழித்து இருப்பைச் சரிபார்ப்பார். கருவூலத்திலோ வங்கியிலோ வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களுக்கு இதன் அருமை தெரியும். நாள் கணக்கை நாளன்றே முடிக்காதவன் மாத இறுதியில் எங்கே தவறினோம் என்று தேடிக்கொண்டிருப்பான். மாத வரவில் பற்றாக்குறை வந்தபின் கணக்கு எழுதத் தொடங்குகிறவர்கள் அநேகர். அவரோ, வயலின் விலையையும் அதே ஏட்டில் எழுதினார். எழுதியதால்தான் அது கண்ணை உறுத்தியது.

அந்த ஏட்டைப் படித்துப் பார்த்தபோது வேறொரு செய்தியும் தெரிந்தது. குடும்பத்தோடு தங்குவது சிக்கனம் என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள். வாரந்தோறும் ஒரு தொகை கொடுத்தாக வேண்டும். மரியாதைக்காக வீட்டாரை அவ்வப்போது வெளியே விருந்துக்கு அழைத்துப் போக வேண்டும். அவர்களோடு பிற வீட்டு விருந்துகளுக்கும் போக வேண்டும். உடன் வருபவர் பெண்ணாயின் வண்டிக் கட்டணம் முழுவதும் ஆணின் பொறுப்பு என்பது அந்நாட்டு வழக்கம். வெளியே உண்ட நாளுக்காக வாரப் பணத்தில் ஒரு பென்னியும் குறைக்கமாட்டார்கள். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு இரண்டு முறை பணம்! ஓட்டலில் கற்ற பாடமேதான்; ஆனால் இம்முறை உபசாரம் என்ற உறைக்குள் மறைந்திருந்தது.

ஆகவே தனி அறைகள் எடுத்தார். அதைத் தேர்ந்த விதம் நுட்பமானது. போக வேண்டிய இடங்களுக்கு நடந்தால் அரைமணி நேரத்தில் சேரும்படியான இடமாகப் பார்த்தார். முன்பு எங்கே போனாலும் வண்டி வேண்டும்; உடற்பயிற்சிக்கு நடக்கத் தனியே நேரம் தேட வேண்டும். இப்போது வண்டிக் கட்டணம் மிச்சம், நடையும் ஆயிற்று. நாளொன்றுக்கு எட்டு முதல் பத்து மைல் நடந்தார். லண்டனில் இருந்த காலம் பெரும்பாலும் நோயின்றிக் கழிந்ததற்கு இந்த நடையே காரணம் என்று பிற்காலத்தில் 'சத்திய சோதனை'யில் எழுதினார். மழையும் பனிமூட்டமும் நிறைந்த ஊரில், தினமும் அவ்வளவு தூரம் நடப்பது சாதாரணமன்று. முழங்கால் வலிக்கிற வயதில் இருப்போர் அதைப் படித்துப் பெருமூச்சு விடலாம், பேரப்பிள்ளைகளிடம் சொல்லிவைக்கலாம்.

அதன்பின் இன்னும் ஒரு படி இறங்கினார். இறங்கினார் என்பதா, ஏறினார் என்பதா? வாரம் இரண்டு ஷில்லிங் வாடகையில் ஓர் அறையில் வசித்து, இரண்டு பென்ஸுக்குக் கோகோவும் ரொட்டியும் வாங்கி உண்டு படிக்கும் ஏழை மாணவன் ஒருவனைப் பற்றிக் கேள்விப்பட்டார். அண்ணன் அங்கே எப்படிப் பணம் திரட்டி அனுப்புகிறாரோ என்ற எண்ணம் உறுத்தியது. இரண்டு அறைகளை ஒன்றாக்கினார். ஓர் அடுப்பு வாங்கினார். காலையில் ஓட்ஸ் கஞ்சி காய்ச்சவும் கோகோவுக்கு வெந்நீர் வைக்கவும் இருபது நிமிடம். பகலுணவு வெளியே. இரவில் வீட்டில் ரொட்டியும் கோகோவும். ஒருநாள் செலவு ஒரு ஷில்லிங், மூன்று பென்ஸ். அதாவது 15 அணா. முதன்முதலில் ஓட்டலில் பட்டினியாக இருந்து கொடுத்த அந்த மூன்று பவுனில், இப்போது 48 நாட்கள் வயிறார உண்ணலாம்.

வீட்டிலிருந்து இனிப்புகளும் மசாலாப் பொருள்களும் வரவழைப்பதையும் நிறுத்திவிட்டார். ரிச்மண்டில் தொண்டையில் இறங்காத அதே வெந்த கீரை, இப்போது ருசித்தது. கீரை மாறவில்லை. ருசி என்பது நாக்கில் இல்லை, மனத்தில் இருக்கிறது என்று அவர் கண்டுகொண்டார்.

விரதத்துக்குச் சோதனை பசியால் மட்டும் வரவில்லை, பொருள் விளக்கத்தாலும் வந்தது. மாமிசம் என்றால் பறவை, விலங்கின் இறைச்சி மட்டுமே என்பார் அந்நாட்டில் சிலர். அவர்கள் மீன் உண்பர். எல்லா உயிர்களின் இறைச்சியும் மாமிசம், முட்டை மட்டும் கூடும் என்பார் வேறு சிலர். முட்டையையும் பாலையும் சேர்த்து விலக்குவாரும் உண்டு. முதல் விளக்கத்தை ஏற்றால் மீன் கூடும். இரண்டாவதை ஏற்றால் முட்டை கூடும். நண்பர்கள் பேச்சைக் கேட்டுச் சில நாட்கள் முட்டை உண்டதை அவரே மறைக்காமல் எழுதியிருக்கிறார். பிறகு ஒரு எண்ணம் தெளிவுபடுத்தியது. சத்தியம் வாங்கியவர் தாயார். மாமிசம் என்ற சொல்லுக்கு அவர் மனத்தில் என்ன பொருளோ அதுவே பொருள். அந்தப் பொருளில் முட்டையும் அடக்கம். அன்றே விட்டார். சைவ உணவுச்சாலைகளில்கூடப் பல பலகாரங்களில் முட்டை சேர்ப்பது உண்டு என்பதால், ஒவ்வொன்றையும் விசாரித்தே உண்ண வேண்டியதாயிற்று. பட்டியலில் இருந்த பலவும் போயின. சாப்பாடு மேலும் எளிதாயிற்று. இன்று வெளிநாட்டுக் கடைகளில் பொட்டலத்தைத் திருப்பி, பொடி எழுத்தைப் படிக்க மூக்குக் கண்ணாடி தேடும் தாய்மார்களுக்கு இந்தச் சங்கடம் நன்றாகத் தெரியும்.

பாரிஸ்டர் படிப்பிலோ, பாடத்தைவிட விருந்துகளே முக்கியம் என்பது போன்ற ஒரு விதி அக்காலத்தில் இருந்தது. பன்னிரண்டு பருவங்களில், ஒவ்வொன்றிலும் நடக்கும் ஏறத்தாழ இருபத்து நான்கு விருந்துகளில் ஆறிலாவது கலந்துகொண்டாக வேண்டும். இரண்டரை முதல் மூன்றரை ஷில்லிங் வரை கட்டணம். நால்வர் கொண்ட ஒவ்வொரு குழுவுக்கும் இரண்டு புட்டி மது வைக்கப்படும். மதுவைத் தொடாத ஒருவர் குழுவில் இருந்தால் மற்ற மூவருக்கும் கொண்டாட்டம் அல்லவா? ஆகவே மோகன்தாஸைத் தங்கள் குழுவில் சேர்த்துக்கொள்ள மாணவர்களிடையே எப்போதும் போட்டி. அவரோ ரொட்டி, வெந்த உருளைக்கிழங்கு, முட்டைகோஸ் என்று நிறுத்திக்கொள்வார். பிறகு ஒரு பார்சி மாணவரோடு சேர்ந்து விண்ணப்பித்து, மேல்மேசைப் பெரியவர்களுக்கு வரும் பழங்களையும் காய்கறிகளையும் பெற்றுக்கொண்டார். கப்பலில் பணியாளரிடம் வாய் திறக்க அஞ்சியவர், சட்டக் கழகத்தில் மனுப் போட்டு உணவு வாங்குகிறார்!

நாராயண் ஹேமசந்திரர் என்ற குஜராத்தி எழுத்தாளரோடு அங்கே பழக்கம் ஏற்பட்டது. காந்தி ஆங்கில முறையில் கேரட் சூப் வைத்துக் கொடுத்தால், இதை எப்படித்தான் ருசிக்கிறாரோ என்று அவர் பரிதாபப்படுவார். அவருக்குப் பருப்பு வேண்டும். ஒருநாள் அந்த லண்டனில் எங்கேயோ தேடிப் பாசிப்பயறு வாங்கி, சமைத்து, காந்தியின் அறைக்கே கொண்டுவந்தார். அதை அவர் எவ்வளவு ஆவலோடு உண்டார் என்பதை, பிற்காலத்தில் பல ஆண்டுகள் கழித்து எழுதும்போதும் மறக்கவில்லை. அதிலிருந்து இருவருக்கும் இடையே பண்டமாற்று நடந்தது. அயல்நாட்டில் ஒரு கிண்ணம் பருப்புக்கு உள்ள மதிப்பை எந்த மாற்று விகிதத்திலும் சொல்ல முடியாது.

1889-இல் பாரிஸ் கண்காட்சிக்காக எழுப்பிய ஐஃபெல் கோபுரத்தைக் காணப் போனபோதும் அதே முறைதான். ஒரு சைவ உணவுச்சாலையை முன்கூட்டியே கேட்டறிந்து, அதன் அருகில் அறை எடுத்து, ஏழு நாட்கள் தங்கினார். கையில் நகரப் படம், பெரும்பாலும் நடை. ஒரே ஒரு ஊதாரித்தனம்: கோபுரத்தின் முதல் தளத்து உணவகத்தில், அவ்வளவு உயரத்தில் உண்டேன் என்று சொல்லிக்கொள்வதற்காக மட்டும் ஏழு ஷில்லிங்கை வீசியெறிந்தார். அறை வாழ்க்கைக் கணக்கில் ஐந்தரை நாள் சாப்பாடு. அதையும் ஒளிக்காமல் எழுதிவைத்தார்.

இந்த அறை வாழ்க்கைக் காலத்தில்தான், இரண்டாம் ஆண்டின் இறுதியை ஒட்டி, பிரம்மஞான சங்கத்தைச் சேர்ந்த இரு ஆங்கிலேயச் சகோதரர்கள், எட்வின் ஆர்னால்டின் ஆங்கில மொழிபெயர்ப்பில் தங்களோடு கீதை படிக்க அவரை அழைத்தார்கள். அதுவரை சமஸ்கிருதத்திலோ குஜராத்தியிலோ கீதையைப் படித்ததில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. சொன்னார், படிக்க உட்கார்ந்தார்.

1891-ஆம் ஆண்டு ஜூன் 10-ஆம் தேதி பாரிஸ்டர் பட்டம். 11-ஆம் தேதி உயர்நீதிமன்றத்தில் பதிவு. 12-ஆம் தேதி கப்பல். அரபிக் கடலில் பருவக்காற்றின் சீற்றம். பயணிகள் பலரும் தலைசுற்றிப் படுத்துவிட்டார்கள். காலைச் சிற்றுண்டி மேசையில் அவரும் இன்னும் ஓரிருவருமே. ஓட்ஸ் கஞ்சித் தட்டை மடியில் கவனமாகப் பிடித்துக்கொண்டு உண்டார்கள். மேசையில் வைத்தால் கஞ்சி மடிக்கு வந்துவிடும் அல்லவா! மூன்று ஆண்டுகளுக்கு முன் போஜன மண்டபத்தின் வாசலை மிதிக்கவே அஞ்சியவர், இப்போது புயலிலும் அங்கேயே அமர்ந்திருந்தார்.

தாயாரைக் காண வேண்டும் என்ற தவிப்பு அவருக்கு. வாங்கிய சத்தியத்தைக் காத்துத் திரும்பிவிட்ட பிள்ளை, தாய் முகத்தைப் பார்க்கத் தவிப்பது இயல்பே. பம்பாய்த் துறைமுகத்துக்கு அண்ணன் வந்திருந்தார். அந்த அம்மையார் காலமாகிவிட்டார் என்ற செய்தியை அப்போதுதான் சொன்னார். அயல்நாட்டில் தனியே இருக்கும் தம்பி அந்த அதிர்ச்சியைத் தாங்கமாட்டான் என்று மறைத்து வைத்திருந்தார்கள். மற்றவர்கள் பார்க்கும்படி அவர் அழவில்லை. செய்ய வேண்டிய ஸ்நானத்தைச் செய்தார். கடல் கடந்த தோஷம் நீங்க, அண்ணன் அவரை நாசிக்குக்கு அழைத்துப் போய்ப் புண்ணிய நதியில் நீராட்டினார். பிறகு ராஜ்கோட்டில் சாதியாருக்கு ஒரு விருந்து வைத்தார்கள்.